நெவிலுக்கு அனுப்பிய மூன்று பார்சல்கள்

கிரிம்ஸ்பி
மார்ச் 4

நெவில்,

அன்புள்ள என்று போட மனம் வரவில்லை. அதனால் வெறும் பெயர். நீ என் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். கடிதத்தை அடுப்பில் போடலாம்தான். ஆனால் படித்துவிட்டுத்தான் போடுவாய், அது எனக்குத் தெரியும்.

உன் படகில் வேலை செய்யும் மேக்னஸ் நேற்று என்னைக் கூப்பிட்டான். நண்டுக்கூண்டைத் தூக்கும்போது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாயாம். கடைக்குப் போகிற வழியில் நின்று நின்று போகிறாயாம். பெருவிரல் கருத்துவிட்டதாம். காலுக்கு ரத்தம் போகிற குழாய் அடைத்துவிட்டது, சிகரெட்டை நிறுத்தினால்தான் அறுவை சிகிச்சை, அதற்கு முன்னால் ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பார்ப்போம், புகை பிடித்திருந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று டாக்டர் சொன்னாராம். சிகிச்சை இல்லை என்றால் கால் போகும். இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து நீ ஒன்றைச் சுருட்டிப் பற்றவைத்தாயாம். இதைச் சொல்லும்போது மேக்னஸ் சிரிக்கவில்லை.

மால்கம் போனது ஜனவரியில். அவருடைய செருப்பு இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான் கிடக்கிறது, நான் தொடவில்லை. என் புருஷனின் நெஞ்சைச் சிகரெட் தின்றது. அது தின்று முடிக்கப்போகிற நேரத்தில் நீ அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஆஸ்பத்திரிக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய், உன் கையால் அவர் வாயில் ஒன்றை வைத்துப் பற்றவைத்தாய். அதை ஒரு நர்ஸ் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். தகனத்தன்று எல்லோர் முன்னாலும் உன்னை அறைந்தேன். அதற்கு வருத்தப்பட்டு இதை எழுதவில்லை.

எனக்கு மிச்சம் இருக்கிறது நீ ஒருவன்தான். அதற்காக எழுதுகிறேன். பிள்ளை குட்டி இல்லை, அம்மா அப்பா இல்லை. உன் கால் உன் சொத்து மட்டும் இல்லை.

இதோடு ஒரு பார்சல் வரும். வேப் கருவி, திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கிற மின்சார சிகரெட். சனிக்கிழமைச் சந்தையில் வாங்கினேன். இருப்பதிலேயே பெரியது எது என்று கேட்டேன், நீ சின்னப் புகைக்காரன் இல்லையே. திரவத்திலும் இருப்பதிலேயே கடுமையானதைக் கொடுங்கள் என்றேன். இதைப் பிடித்தால் ஊதுகிற சோதனையில் தெரியாது, எரிகிற புகைதான் தெரியும் என்று மேக்னஸிடம் நர்ஸ் சொன்னாளாம். எதை வேண்டுமானாலும் உறிஞ்சு. சிகரெட் மட்டும் வேண்டாம்.

நோரீன்


ஸ்ட்ரான்ஸே தீவு
மார்ச் 15

அக்கா,

பார்சல் வந்தது. பீன்ஸ் டப்பா அளவுக்கு ஒரு கருவி. கடலுக்குப் போகிறவன் இதை எங்கே வைப்பான்? ரப்பர் கோட்டின் பையில் போட்டேன். குனிந்தால் விலா எலும்பில் குத்தியது. கண்ணாடித் தொட்டி ஒழுகிப் பையெல்லாம் பிசுபிசு. ஈரக் கையுறையோடு அந்தக் குட்டிப் பொத்தானை அமுக்க வேண்டும், அமுக்கிக்கொண்டே உறிஞ்ச வேண்டும். எனக்கு மூன்றாவது கை கிடையாது.

முதல் இழுப்பிலேயே தொண்டையில் கத்தியை இறக்கினாற்போல் இருந்தது. சிகரெட் மாதிரி இன்னும் இரண்டு இழுத்தேன். கண் இருட்டிவிட்டது. படகின் ஓரத்தில் நின்றிருந்தேன், மேக்னஸ் கோட்டுத் தொப்பியைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் நண்டுகளோடு சேர்ந்திருப்பேன். நான் விட்ட வெள்ளைப் புகையைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் படகுக்காரன் ரேடியோவில் கூப்பிட்டு, தீயா என்று கேட்டான். மேக்னஸ் அன்று முழுக்க விடவில்லை. "நீ புகை பிடிக்கிறியா, இல்ல கப்பலுக்கு சைகை காட்டுறியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

அறைந்த விஷயத்தை நீயே எடுத்ததால் சொல்கிறேன். மால்கம் என்னைக் கேட்டார். நீ தள்ளிக்கொண்டு போகவில்லையென்றால் தவழ்ந்து போவேன் என்றார். போவார் என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் செய்வேன். உன்னிடம் கேட்டிருந்தால் நீ செய்திருக்க மாட்டாய், அதனால்தான் அவர் உன்னைக் கேட்கவில்லை.

டப்பாவை மேசைமேல் வைத்திருக்கிறேன். இப்போதைக்குப் பழையபடி சுருட்டுகிறேன். கால் இரவில் தூங்கவிடுவதில்லை. கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் கொஞ்சம் தேவலாம்.

நெவில்


கிரிம்ஸ்பி
மார்ச் 21

நெவில்,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பெவ் கடைக்குப் போனேன். பெவ்வை உனக்கு நினைவிருக்கும், மீன் வெட்டுகிற தொழிற்சாலையில் எனக்கு எதிரே நின்றவள், வாய் ஓயாது. இப்போது ஃப்ரீமன் தெருவில் வேப் கடை வைத்திருக்கிறாள். நேராக அவளிடம் போயிருக்க வேண்டும். மால்கம் போனதிலிருந்து தெரிந்த முகம் எதையும் பார்க்கப் பிடிக்காமல்தான் சந்தைக்குப் போனேன்.

அவள் என்னைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டாள். "படகுல போறவனுக்கு லாரி சைலன்சரை வாங்கி அனுப்பியிருக்கியேடி, உனக்கு அறிவு இருக்கா?" என்றாள். பெரிய கருவிக்கு மென்மையான திரவம்தான் ஊற்ற வேண்டுமாம். அது ஒரு இழுப்புக்கு ஒரு வாய் நிறைய ஆவியைத் தரும். கடுமையான திரவம் சின்னக் கருவிக்கு. சந்தைக்காரன் நான் கேட்டதையெல்லாம் கேட்டபடி கொடுத்துவிட்டான். உன்னைக் கடலில் தள்ளியிருப்பேன். அதை நினைத்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது அனுப்புவது சின்னது. சாக்பீஸ் அளவு. பொத்தான் இல்லை, வாயில் வைத்து இழுத்தாலே வேலை செய்யும். திரவம் ஒரு குட்டிக் கூட்டில் இருக்கும், அதை பாட் என்கிறாள். மூடி பக்கவாட்டில் இருப்பதால் ஒழுகாது. குளிரில் பாட்டரி சீக்கிரம் இறங்கிவிடுமாம், அதனால் கோட்டில் வைக்காதே, சட்டைக்குள்ளே உடம்போடு வை. பெவ் கொடுத்த திரவ பாட்டில் ஒன்றும் இருக்கிறது, புகையிலை வாசனை.

இன்னொரு பாட்டிலும் வைத்திருக்கிறேன். அதைச் சந்தையிலேயே உனக்கென்று வாங்கியிருந்தேன், பெவ்விடம் சொல்லவில்லை. கஸ்டர்ட் வாசனை. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கஸ்டர்ட் பாத்திரத்தை வழித்து நக்கியவன் நீ. பிடித்த ருசி வாயில் இருந்தால் சிகரெட்டை மறப்பாய் என்று நினைத்தேன்.

மால்கமைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அதற்குப் பதில் எழுத இப்போது என்னால் முடியாது. உன் ஊதுகிற சோதனை ஏப்ரல் ஏழாம் தேதி என்று மேக்னஸ் சொன்னான். அதுவரை தாங்கு.

நோரீன்


ஸ்ட்ரான்ஸே
ஏப்ரல் 9

அக்கா,

விட்டுவிடு.

அந்தச் சின்னது நல்ல சாமான்தான். கையுறை போட்டுக்கொண்டே எடுக்கலாம், வைக்கலாம், ஒழுகவில்லை. பெவ்வின் புகையிலைத் திரவம் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி இருந்தது, ஆனாலும் தாங்கினேன். ஒரு வாரம் சிகரெட்டைத் தொடவில்லை, மேக்னஸைக் கேள். பிறகு உன் கஸ்டர்டை ஊற்றினேன். முதலில் பிரமாதம். நிஜமாகவே கஸ்டர்ட். படகில் உட்கார்ந்து நானே சிரித்துவிட்டேன். நாலாவது ஐந்தாவது இழுப்பில் வாய்க்குள் துணி கருகினாற்போல் ஒரு புகை. இருமி இருமி வாந்தி எடுத்தேன். கழுவிப் பார்த்தேன், மறுபடி ஊற்றினேன், மறுபடியும் அதே கருகல். பெவ்வின் திரவத்தை ஊற்றினாலும் அந்தக் கருகல் போகவில்லை. நாள் முழுக்க அது நாக்கிலேயே நின்றது. மேக்னஸின் புகையிலைப் பொட்டலம் படகின் சுக்கானுக்குப் பக்கத்தில் கிடந்தது. சோதனைக்கு ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளும் சுருட்டினேன்.

கிர்க்வால் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊதினேன். இருபத்தொன்று என்று காட்டியது. பத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நர்ஸ் திட்டியிருந்தால் தேவலாம், அவள் என் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு மெதுவாகக் காலுறையைப் போட்டுவிட்டாள். மே ஆறாம் தேதி ஒரு கடைசிச் சோதனை. அதிலும் தெரிந்தால் அபர்டீன் ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் மாற்றுகிற பட்டியலில் என் பேர் இருக்காது. முட்டிக்குக் கீழே வெட்டுகிற பட்டியலுக்கு மாற்றுவார்கள்.

வெட்டட்டும். ஒற்றைக் காலோடு படகில் நிற்க முடியாது, மேக்னஸிடம் படகைக் கொடுத்துவிடுகிறேன். இனி எதுவும் அனுப்பாதே. நீ அனுப்புகிறதை ஒவ்வொரு தடவையும் நம்புகிறேன், அதுதான் தாங்கவில்லை.

நெவில்


கிரிம்ஸ்பி
ஏப்ரல் 14

நெவில், தம்பி,

அந்தக் கருகல் என் கஸ்டர்டால் வந்தது. வேறு யாரும் காரணம் இல்லை. பெவ்விடம் அந்தப் பாட்டிலைப் பற்றிச் சொன்னதும் அவள் கல்லாவுக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அது தேன் மாதிரிக் கெட்டியான திரவம், பெரிய கருவிக்கு உள்ளது. சின்னக் கூட்டுக்குள் ஒரு பஞ்சும் அதைச் சுடவைக்கிற கம்பியும் இருக்கிறது, அந்தப் பஞ்சு கெட்டித் திரவத்தை வேகமாக உறிஞ்சாது. பஞ்சு காய்ந்திருக்கும்போது கம்பி சுட்டால் பஞ்சுதான் கருகும். ஒரு தடவை கருகிய பஞ்சில் அமிர்தத்தை ஊற்றினாலும் கருகல்தானாம். கூட்டைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கூடவே வந்த இன்னொன்றை மாட்டியிருந்தால் போதும். அது உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. பிரியத்தில் வாங்கினது, நெவில். உன் கால் அதில் போய்விட்டது என்று ஆனால் நான் இந்த வீட்டில் எப்படி இருப்பேன்?

வெட்டட்டும் என்று எழுதாதே. நான் ஒருவர் வெட்டாமலேயே துண்டு துண்டாகப் போவதைப் பார்த்தவள். முதலில் மாடிப்படி போனது, பிறகு சமையலறை வரை நடப்பது, பிறகு குளிப்பது, பிறகு படுத்தபடி பேசுவது. இன்னொரு தடவை பார்க்கிற தெம்பு என்னிடம் இல்லை.

அன்று பெவ்விடம் சொன்னேன், அவனுக்கு அடுத்து அனுப்புகிறதன் ருசியை நானே பார்த்துச் சொல்கிறேன் என்று. அவள் மாட்டேன் என்றாள். புகை பிடிக்காதவளுக்கு நான் கொடுத்ததே இல்லை, நீ இதைத் தொடக்கூடாது என்றாள். நிக்கோட்டின் இல்லாமல் வெறும் வாசனை மட்டும் ஊற்று என்றேன். அவன் நாக்கும் என் நாக்கும் ஒரே வீட்டில் வளர்ந்தது, உப்பு கூடினால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரியும் என்றேன். அவள் கடைக் கதவைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

இனிப்பெல்லாம் கழித்துவிட்டோம். இனிப்பு அதிகமானால் கம்பியில் படிந்து சீக்கிரம் கருகவும் வைக்கும், உனக்கும் திகட்டிவிடும். புகையிலை வாசனை எல்லாம் பொய்ப் புகையிலை, நீ சொன்ன அட்டைப்பெட்டிதான். பிறகு பெவ் கேட்டாள், "அவனுக்கு வேண்டியது ருசியா, இல்ல தொண்டையில ஒரு பிடிப்பா?" என்று. பிடிப்புதான். புதினாவும் கொஞ்சம் சோம்பும் கலந்த ஒன்றை ஊற்றித் தந்தாள். இழுக்கும்போது குளிர்ச்சி, விடும்போது சோம்பு, வாய் சுத்தமாக இருந்தது. இதுதான் என்றேன்.

அப்போது ஒன்று நடந்தது. நான் விட்ட மூச்சு எனக்கு முன்னால் வெள்ளையாகப் போனது. போய்க் கலைந்தது. அடுத்ததை விட்டேன், அதுவும் போனது. கடைசி மாதங்களில் மால்கம் ஒவ்வொரு மூச்சுக்கும் சண்டை போட்டார். உள்ளே போனதா, வெளியே வந்ததா என்று அவருக்கே தெரியாது. நான் அவர் மூக்குக்கு முன்னால் கையை வைத்துப் பார்ப்பேன். நீ பற்றவைத்த அன்று அந்த ஆஸ்பத்திரி வாசலில் அவர் மூச்சு வெளியே போனதை அவர் கண்ணால் பார்த்திருப்பார். பெவ் என் கையிலிருந்து கருவியை வாங்கி வைத்துவிட்டுத் தேநீர் போட்டாள்.

இது மூன்றாவது பார்சல். ஒரே மாதிரி இரண்டு கருவி இருக்கும். ஒன்று உன் நெஞ்சில், இன்னொன்று சார்ஜில். கழுத்தில் மாட்டக் கயிறு இருக்கிறது. திரவம் தண்ணீர் மாதிரி இருக்கும், அதைத் தவிர வேறு எதையும் ஊற்றாதே, நானே அனுப்பினாலும். புதுக் கூட்டில் ஊற்றியதும் இழுக்காதே. ஒரு கோப்பைத் தேநீரை முழுசாகக் குடித்து முடி, பஞ்சு நனையட்டும். சுருட்டை இழுக்கிற மாதிரி வலித்து இழுக்காதே, மெதுவாக இழு. ருசி மாறினால் அந்த நிமிஷமே கூட்டை மாற்று, நிறைய வைத்திருக்கிறேன்.

இதுவும் தப்பாகப் போனால் எனக்குச் சொல்லாதே. இல்லை, சொல். உடனே சொல்.

அக்கா


ஸ்ட்ரான்ஸே
மே 7

அக்கா,

இரண்டு.

நேற்று ஊதினேன், இரண்டு என்று காட்டியது. நர்ஸ் இன்னொரு தடவை ஊதச் சொன்னாள், மறுபடி இரண்டு. புகையே பிடிக்காதவனுக்கு வருகிற எண் என்றாள். நான் ஆஸ்பத்திரிக் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

சுலபமாக இருந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. முதல் வாரம் மேக்னஸோடு இரண்டு தடவை சண்டை, ஒரு தடவை கூண்டைத் தூக்கி அவன்மேல் போடப் போனேன். அவன் பாவம், தன் பொட்டலத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு வருகிறான். தேநீர் குடித்துக் காத்திருக்கிற வேலைதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். கருவியை எதிரே வைத்துக்கொண்டு கோப்பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். ஆனால் கருகவில்லை, ஒரு தடவைகூட. கழுத்தில் தொங்குவதால் தேட வேண்டியதும் இல்லை. சோம்பு முதலில் மருந்துக்கடை மாதிரி இருந்தது. இப்போது அது இல்லாமல் கூண்டு இழுக்க வரவில்லை.

மே இருபதாம் தேதி அபர்டீனில் அறுவை. தொடையிலிருந்து ஒரு குழாயை எடுத்துக் கீழே வைத்துத் தைப்பார்களாம். விரல் போய்விட்டது, அது திரும்பாது. பாதம் பிழைக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். முன்னாலேயே வந்திருக்க வேண்டும், சரிபாதி வாய்ப்பு என்றார். தைத்த பிறகு பாதம் சூடானால் பிழைத்தது, சில்லென்றே இருந்தால் வெட்டுவார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், இரண்டுக்கும் சேர்த்து.

பயமாக இருக்கிறது. இதை மேக்னஸிடம் சொல்லவில்லை.

மால்கமைப் பற்றி நீ எழுதியது. அன்று அவர் இரண்டே இழுப்பு இழுத்தார், மூன்றாவது முடியவில்லை. இருமி முடித்துவிட்டு, "நோரீன்கிட்ட சொல்லிடாதடா, இது என்னைக் கொல்றதுக்கு முன்னாடி அவ கொன்னுடுவா" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. உன்னிடம் சொல்ல அன்றிலிருந்து வைத்திருந்தேன், நீ அறைந்ததும் சொல்லத் தோன்றவில்லை.

அபர்டீன் உனக்குத் தூரம். வரவேண்டாம்.

நெவில்


அபர்டீன்
மே 20, மாலை

அன்புள்ள நெவில்,

வரவேண்டாம் என்று நீ எழுதினால் வா என்று அர்த்தம், அது எனக்கு உன் ஐந்து வயதிலிருந்து தெரியும். இரண்டு ரயில் மாறி வந்தேன். நான் வந்தபோது உன்னை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். உன் துணிகளும் கழுத்துக் கயிறும் ஒரு பையில் இருந்தன, என்னிடம் கொடுத்தார்கள். நடைபாதையில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் யாருக்காக என்று கேட்டாள். தம்பிக்கு என்றேன். நல்ல தம்பியா என்றாள். இல்லை என்றேன். அவள் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள்.

உன்னை வெளியே கொண்டுவரும்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அந்த மௌனம் பழக்கம், ஜனவரியில் கேட்டதுதான். உன் பையை அணைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். படுக்கையில் மாற்றிய பிறகு நர்ஸ் ஒரு சின்னக் கருவியை உன் பாதத்தில் வைத்து ரத்தம் ஓடுகிற சத்தம் வருகிறதா என்று கேட்டாள். நகர்த்தி வைத்தாள், மறுபடி கேட்டாள். என்னைக் கூப்பிட்டாள். "நீங்களே தொட்டுப் பாருங்கம்மா," என்றாள்.

சூடாக இருக்கிறது, நெவில்.

இன்று இரவு எப்படிப் போகிறது என்று பார்த்துத்தான் டாக்டர் உறுதியாகச் சொல்வாராம். ஒரு மணிக்கு ஒரு தடவை வந்து பார்ப்பார்களாம். நீ இன்னும் தூங்குகிறாய், வாயைத் திறந்துகொண்டு.

எழுந்ததும் நீ கேட்பாய், என்னை மன்னித்துவிட்டாயா என்று நேராகக் கேட்க மாட்டாய், தேநீர் கிடைக்குமா என்று கேட்பாய், அதற்கு அதுதான் அர்த்தம். எனக்குத் தெரியவில்லை. அவர் சிரித்தார் என்று நீ எழுதியதைத் தினமும் படிக்கிறேன். ஒரு நாள் உன்மேல் ஆத்திரமாக வருகிறது, அந்தச் சிரிப்பு எனக்கு வரவேண்டியது என்று. ஒரு நாள் யாரோடாவது சிரித்தாரே என்று இருக்கிறது. இரண்டும் தீராமல் நான் உன்னோடு இருப்பேன்போல. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

பேசினால் அழுவேன், அதனால் இதை எழுதித் தலையணைக்குப் பக்கத்தில் வைக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது, கண்டுகொள்ளாதே. ஒரு கை உன் பாதத்தின்மேல் இருக்கிறது. எடுத்தால் ஆறிவிடுமோ என்று எடுக்காமல் எழுதுகிறேன்.

அக்கா